மரத்துப்போகும் ஊசிக்குத் தனி பில்லா?
வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்க மருத்துவக் காப்பீடு

கருத்தடைக்கு அமெரிக்கக் காப்பீட்டில் கோ-பே (நம் கையிலிருந்து கட்டும் பங்கு) கிடையாது என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: “கருத்தடைச் சாதனம் இலவசம், போட்ட கூலி இலவசம், வலி தெரியாமல் இருக்கப் போட்ட ஊசிக்கு மட்டும் பில்!” அதனால் இந்த முறை அதை மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

*

கேள்வி: டிசம்பரில் காப்பர்-டி போட்டுக்கொண்டேன். கர்ப்பப்பை வாயில் மரப்பு ஊசி போட்டார் டாக்டர். இப்போது அந்த ஊசிக்கு 285 டாலர் பில் வந்திருக்கிறது. கம்பெனியைக் கேட்டால், “அது டிடக்டிபிளில் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நாமே கட்ட வேண்டிய தொகை) சேர்ந்துவிட்டது” என்கிறார்கள். கட்டிவிடலாமா?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். கிளினிக்கை அழைத்து, “இந்த பில்லைக் காப்பீட்டுக் கம்பெனியுடன் பேசிக்கொண்டிருக்கிறேன், கணக்கை நிறுத்தி வையுங்கள், கலெக்ஷனுக்கு (கடன் வசூலுக்கு) அனுப்பாதீர்கள்” என்று சொல்லுங்கள். பேசியவர் பெயர், தேதி, ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் எழுதி வையுங்கள்.

முதலில் சட்டம். 2010-இல் வந்த அஃபோர்டபிள் கேர் சட்டத்தின் கீழ், 2012 ஆகஸ்டிலிருந்து பெண்களுக்கான கருத்தடை முறைகளுக்குப் பெரும்பாலான பிளான்கள் கோ-பே, டிடக்டிபிள் எதுவும் வாங்கக்கூடாது. சாதனத்துக்குச் சரி, அதைப் பொருத்தும்போது கூடவே செய்யும் வேலைகளுக்கு? இந்தச் சந்தேகத்துக்கு 2022 ஜூலை 28-இல் சுகாதாரம், தொழிலாளர், கருவூலம் ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து எழுத்தில் பதில் கொடுத்தன. கருத்தடைச் சேவையோடு பிரிக்கமுடியாமல் ஒட்டி வரும் எதற்கும் நோயாளியிடம் பணம் கேட்கக்கூடாது, தனியாக பில் போட்டாலும் கேட்கக்கூடாது என்பது அதன் சாரம். அதில் கொடுத்த உதாரணங்கள் இரண்டு: கருக்குழாய் கட்டும் ஆபரேஷனுக்குத் தேவையான மயக்க மருந்து, ஐயுடி (காப்பர்-டி போலக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனம்) போன்றவற்றுக்கு முன் செய்யும் கர்ப்பப் பரிசோதனை.

கவனித்தீர்களா? உங்கள் ஊசி அந்த உதாரணத்தில் இல்லை. கம்பெனிகள் நுழைகிற சந்து அதுதான். ஆனால் அவை உதாரணங்கள்தானே தவிர, முழுப் பட்டியல் அல்ல. குழாய் கட்டும்போது கொடுக்கும் மயக்க மருந்து ஆபரேஷனின் அங்கம் என்றால், சாதனத்தை உள்ளே செலுத்துவதற்காகவே போட்ட ஊசி மட்டும் எப்படி வெளியாள் ஆகும்? வாதம் உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. ஆனால் பல சமயம் வாதாட வேண்டிய தேவையே வராது, ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் பில் போட்ட விதத்தில்தான்.

கம்பெனி அனுப்பிய ஈஓபி என்ற விளக்கத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் மூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் இருக்க வேண்டும்: பொருத்திய வேலைக்கு 58300, சாதனத்துக்கு ஜே7300, ஊசிக்கு 64435. ஊசி வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறியீடு இருக்கும். அது ‘சிஓ’ என்று தொடங்கினால், உதாரணமாக சிஓ-97, அந்த வேலையின் கூலி முக்கிய வேலையின் கூலிக்குள்ளேயே அடக்கம் என்று பொருள். வேலையைச் செய்த டாக்டரே மரப்பு ஊசியும் போட்டால் அதைத் தனியாகக் கணக்கிடக்கூடாது என்று முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் ஒரு விதி உண்டு. தனியார் கம்பெனிகள் பலவும் அதையே பின்பற்றுகின்றன. டாக்டர் நெட்வொர்க்கில் (காப்பீட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தத்தில்) இருப்பவர் என்றால் சிஓ தொகையை அவர் தள்ளுபடி செய்தாக வேண்டும், உங்களிடம் கேட்க முடியாது. இது தெரியாமல் கிளினிக் பில் அனுப்புவதும், நாம் மரியாதையாகக் கட்டுவதும் தினம் நடக்கிறது.

குறியீடு ‘பிஆர்’ என்று தொடங்கினால் தொகை உங்கள் தலையில். பிஆர்-1 டிடக்டிபிள், பிஆர்-2 சதவீதப் பங்கு, பிஆர்-3 கோ-பே. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது பிஆர்-1. அப்படியானால் கிளினிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “64435 வரிக்கு எந்த நோய்க் குறியீட்டை இணைத்தீர்கள்?” ஐயுடி பொருத்த வந்ததைக் குறிப்பது இஸட்30.430. முதல் இரண்டு வரிகளுக்கு அதைச் சரியாகப் போட்டுவிட்டு, ஊசி என்றதும் ‘இடுப்பு வலி’ குறியீட்டைப் போட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டருக்கு அது வலிக்கான சிகிச்சையாகத் தெரியும். சிகிச்சை என்றால் டிடக்டிபிள்!

இதற்கு மருந்து, எல்லா வரிகளிலும் இஸட்30.430 போட்டு, தடுப்புச் சேவை என்பதைக் காட்டும் 33 என்ற மாடிஃபையரையும் (துணைக் குறியீடு) சேர்த்து, ‘திருத்திய கிளெய்ம்’ (கம்பெனியிடம் பணம் கேட்கும் விண்ணப்பம்) அனுப்புவது. திருத்திய என்ற சொல் முக்கியம். புதிய கிளெய்மாக அனுப்பினால், “ஏற்கெனவே வந்துவிட்டது” என்று மெஷின் தள்ளிவிடும். கிளினிக்கோ “மறுபடி அனுப்பினோம், மறுத்துவிட்டார்கள்” என்று கைவிரிக்கும்.

அதுவும் நடக்கவில்லை என்றால் அப்பீல். மறுப்பு கிடைத்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம். ஒரு பக்கம் போதும்: சிகிச்சை தேதி, கிளெய்ம் எண், 64435 என்ற வரி, 2022 ஜூலை 28 விளக்கத்தைக் குறிப்பிட்டு ஒரு பத்தி, “ஐயுடி பொருத்தவே இந்த ஊசி போடப்பட்டது, வேறு காரணமில்லை” என்று டாக்டரிடம் வாங்கிய இரண்டு வரிக் கடிதம். செய்து முடித்த சிகிச்சை என்பதால் 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதிலும் மறுத்தால் நான்கு மாதத்துக்குள் வெளி ஆய்வு கேட்கலாம். ஆனால் அது மருத்துவக் காரணம் காட்டி மறுத்தவற்றுக்குத்தான் பொதுவாகச் செல்லும். “டிடக்டிபிளில் போட்டோம்” என்கிற வகைச் சண்டைக்கு மேற்பார்வை செய்யும் அலுவலகத்தில் புகார் கொடுப்பதே வேகம்.

எந்த அலுவலகம் என்பது உங்கள் பிளானைப் பொறுத்தது. பெரிய ஐடி கம்பெனிகள் பெரும்பாலும் தங்கள் பணத்திலேயே பிளான் நடத்துகின்றன. கார்டில் பெயர் இருக்கும் காப்பீட்டுக் கம்பெனி வெறும் கணக்கர்தான். “நம்முடையது செல்ஃப்-ஃபண்டட் பிளானா?” என்று எச்ஆரைக் கேளுங்கள். ஆம் என்றால் மத்தியத் தொழிலாளர் துறையின் எப்ஸா பிரிவு: 1-866-444-3272. இல்லை என்றால் மாநிலக் காப்பீட்டுத் துறை. இதை மாற்றிக் கொடுத்தால் ஒரு மாதம் கழித்து, “இது எங்கள் எல்லையில் வராது” என்று கடிதம் வரும்.

*

கேள்வி: அடுத்த மாதம் முதல்முறையாக ஐயுடி போடப்போகிறேன். “ரெண்டு ஐபுப்ரொஃபென் போட்டுக்கிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்கள். தோழிகள் பயமுறுத்துகிறார்கள். நான் என்ன கேட்கலாம், எது காப்பீட்டில் வரும்?
– வாசகி, டாலஸ்

பதில்: ஐபுப்ரொஃபென் பொருத்திய பிறகு வரும் பிடிப்பு வலிக்கு உதவும். பொருத்தும் நேரத்து வலியை அது குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்த வகையில் நாப்ராக்ஸென் சற்றுப் பரவாயில்லை.

வலி எங்கே வருகிறது என்று தெரிந்தால் எதைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் வைப்பது வெறும் அழுத்தம். அடுத்து, கர்ப்பப்பை வாய் அசையாமல் இருக்க டெனாகுலம் என்ற கொக்கியால் பிடிப்பார்கள். சுருக்கென்று ஒரு குத்து. மூன்றாவது, கர்ப்பப்பையின் ஆழம் பார்க்க மெல்லிய அளவுகோலை உள்ளே விடுவது. பலருக்கும் இதுவும், அடுத்து சாதனம் விரியும் கணமும்தான் பல்லைக் கடிக்க வைப்பவை. மொத்தமே சில நிமிடங்கள். சிலருக்கு அப்போது நாடித்துடிப்பு இறங்கி, தலைசுற்றி, வியர்க்கும். அதனால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முடிந்ததும் உடனே எழுந்திருக்கவும் வேண்டாம்.

வலியைப் பற்றி முன்கூட்டியே எல்லோரிடமும் பேச வேண்டும், மரப்பு மருந்தான லிடோகெய்னை ஊசியாகவோ மேலே தடவியோ கொடுப்பது உதவக்கூடும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2024 ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மே மாதம் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பும் இதே திசையில் வலி நிவாரணத்தைப் பரிந்துரைத்தது. “சிடிசி வழிகாட்டுதலில் இருக்கும் லிடோகெய்ன் எனக்கு வேண்டும்” என்று தயங்காமல் சொல்லலாம். மிசோப்ரோஸ்டால் மாத்திரையை எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டுதல்தான். அதுவே வயிற்றைப் பிசைந்து, குமட்டி, பேதியும் ஆக வைக்கும். ஒருமுறை முயன்று உள்ளே போகாமல் திரும்பியவர்களுக்கு மட்டும் அதில் பயன் இருக்கலாம்.

பாராசெர்விகல் பிளாக் என்பது ஊசி வகை. பொதுவாக 1 சதவீத லிடோகெய்ன் 10 முதல் 20 மில்லி. கொக்கி பிடிக்கும் இடத்தில் 2 மில்லி, மீதியைக் கர்ப்பப்பை வாயைச் சுற்றி, கடிகார முள் கணக்கில் 4, 8 மணி திசைகளிலோ, 2, 4, 8, 10 திசைகளிலோ பிரித்துப் போடுவார்கள். 20 மில்லியில் இருப்பது 200 மில்லிகிராம். உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. 40 கிலோ எடையுள்ளவருக்கு உச்சவரம்பு 180 மில்லிகிராம்தான், ஆக முழு 20 மில்லி அவருக்கு அதிகம். நம் ஊர்ப் பெண்களில் ஒல்லியானவர்கள் எடையை ஒருமுறை நினைவூட்டுவது நல்லது. போட்டதும் காதில் ரீங்காரம், வாயில் உலோக ருசி வந்தால் உடனே சொல்லிவிடுங்கள். இந்த ஊசியே குத்தும்போது வலிக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. ஊசியே வேண்டாம் என்பவர்களுக்கு லிடோகெய்ன் ஸ்ப்ரே, அல்லது லிடோகெய்னும் ப்ரிலோகெய்னும் கலந்த கிரீம் உண்டு. கிரீம் வேலை செய்ய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். தடவிய கையோடு தொடங்கினால் தடவாததற்குச் சமம்.

பணத்துக்கு வருவோம். ஸ்ப்ரே, கிரீம் எல்லாம் பொருத்தும் கூலிக்குள் அடக்கம், தனி வரி வராது. ஊசிக்கு 64435 என்று வரலாம். என்ன செய்வதென்று மேலே சொல்லிவிட்டோம். பதற்றம் தணிக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்தால் அது மருந்துக்கடைக் கணக்கில் வழக்கமான கோ-பேயோடு வரும். சில டாலர் சமாச்சாரம், அதற்குச் சண்டை வேண்டாம். ஆனால் அந்த மாத்திரையைப் போட்டால் காரை நீங்கள் ஓட்டக்கூடாது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் மாத்திரைக்கு முன்பே போட வேண்டும். வீட்டிலேயே விழுங்கிவிட்டு வந்தவர்களை வேறொரு நாள் வரச்சொல்லித் திருப்பி அனுப்பியதுண்டு.

சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்ஸைடில்தான் ஜாக்கிரதை வேண்டும். அது இருக்கும் கிளினிக்குகள் சில, “இதைக் காப்பீட்டுக்கு அனுப்ப மாட்டோம்” என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கி ரொக்கமாக வாங்கிக்கொள்கின்றன. கையெழுத்து போட்டுவிட்டால் பிறகு அப்பீல் செய்யக் கிளெய்மே இருக்காது. வேண்டும் என்றால், “கிளெய்ம் அனுப்புங்கள், மறுத்தால் பார்க்கலாம்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

*

கேள்வி: போன முறை ஐயுடி போடுவதைப் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. இந்த முறை மயக்கம் கொடுத்துப் போடலாம் என்கிறார் டாக்டர். டாக்டர் நெட்வொர்க்கில் இருக்கிறார், மயக்க மருந்து டாக்டர் யாரென்றே தெரியாது. பயமாக இருக்கிறது.
– வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: எந்த இடத்தில் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். நெட்வொர்க் மருத்துவமனையிலோ அறுவை மையத்திலோ செய்தால், 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டம் உங்களைக் காக்கும். மயக்க மருந்து டாக்டர் நெட்வொர்க்கில் இல்லாவிட்டாலும் கூடுதல் பில் போட முடியாது. மற்ற சில சிகிச்சைகளில் நோயாளியிடம் கையெழுத்து வாங்கி இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வைக்கலாம். மயக்க மருந்துக்கு அந்த வழியும் அடைபட்டது. அப்படி ஒரு தாளை நீட்டினால் கையெழுத்து போடாதீர்கள். உதவிக்கு 1-800-985-3059.

ஆனால் சாதாரண டாக்டர் அலுவலகம் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் வராது. அங்கே வெளியிலிருந்து ஒரு மயக்க மருந்து டாக்டரை வரவழைத்தால், அவர் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். உங்கள் டாக்டரே நரம்பு வழியாக லேசான மயக்கம் கொடுத்தால் அது 99152 என்ற குறியீட்டில் வரும்.

முன் அனுமதி கேட்கும்போது, “நோயாளி விரும்புகிறார்” என்று எழுதினால் மறுப்பு நிச்சயம். “இந்தத் தேதியில் முயன்றோம், வலியால் நிறுத்தினோம், மயக்கமில்லாமல் பொருத்த இயலாது” என்று எழுதச் சொல்லுங்கள். போன முறை பாதியில் நின்ற கிளெய்ம் உங்கள் கோப்பில் இருக்கிறதே, அதைவிட நல்ல சான்று வேறில்லை.

*

கேள்வி: இரண்டாவது பிரசவம் சிசேரியன். அதோடு குழாயையும் கட்டிவிட்டார்கள். “கருத்தடை ஆபரேஷனுக்கு மயக்க மருந்து இலவசம்” என்றால், 1,100 டாலர் மயக்க மருந்து பில் எதற்கு?
– வாசகர், ஷார்லட்

பதில்: அது சிசேரியனுக்குக் கொடுத்த மயக்க மருந்து. குழாய் கட்டியது 58611 என்ற துணை வரி. அதற்கு நீங்கள் பணம் கட்டக்கூடாது. ஆனால் மயக்க மருந்தின் கணக்கு பிரசவத்தின் பெயரில் ஓடுவதால், பிரசவத்துக்கான டிடக்டிபிளும் பங்குத்தொகையும் பொருந்தும். குழாய் கட்டக் கூடுதலாக ஆன சில நிமிடத்தைப் பிரித்துக் கழிக்கச் சொல்லலாம், தேறுவது சொற்பம்.

சுகப்பிரசவம் ஆகி மறுநாள் தனியாகக் கட்டினால் கதை வேறு. அப்போது மயக்க மருந்துக்கு 00851, நோய்க் குறியீடு இஸட்30.2; அந்த பில் பூஜ்யமாக வர வேண்டும். குழாயை முழுவதும் அகற்றுபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: லேப்ராஸ்கோப்பியில் அதற்கான 58661 குறியீட்டைத்தான் சினைப்பையை அகற்றுவதற்கும் பயன்படுத்துகிறார்கள். இஸட்30.2 முதல் இடத்தில் இல்லாவிட்டால் ஆபரேஷன், மயக்க மருந்து இரண்டுமே டிடக்டிபிளில் விழும்.

குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டில் இருப்பவர்களுக்கு: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு 30 நாள் ஆன பிறகுதான் ஆபரேஷன் செய்யலாம்; 180 நாளைத் தாண்டவும் கூடாது. குறைப்பிரசவம் போன்ற சில நிலைகளில் தவிர இதில் விலக்கு இல்லை.

*

கேள்வி: மனைவிக்கு வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்று ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனான வாசெக்டமிக்குக் கேட்டேன். ஊசி உட்பட எல்லாம் டிடக்டிபிளாம். இது நியாயமா?
– வாசகர், பெல்வியூ, வாஷிங்டன்

பதில்: நியாயமில்லை, ஆனால் மத்தியச் சட்டப்படி சரி. மத்தியச் சட்டத்தின் இலவசம் பெண்களுக்கான முறைகளுக்கு மட்டும். உங்கள் வாஷிங்டன், ஆரிகன், இல்லினாய், மேரிலாண்ட் போன்ற சில மாநிலங்கள் வாசெக்டமியையும் சேர்த்துள்ளன. ஆனால் மாநிலச் சட்டம் செல்ஃப்-ஃபண்டட் பிளானைத் தொடாது; எச்எஸ்ஏ என்ற வரிச்சலுகை மருத்துவச் சேமிப்புக் கணக்கோடு வரும் பிளானிலும் டிடக்டிபிளுக்கு முன் இலவசமாகத் தர முடியாது. எச்எஸ்ஏ பணத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அலுவலகத்திலேயே மரப்பு ஊசியோடு செய்துகொள்ளுங்கள்; மருத்துவமனைக்குப் போனால் இடத்துக்கான கட்டணமே தனியாக நிற்கும்.

*

கேள்வி: இவ்வளவு தொல்லைக்கு, ஜூலையில் சென்னைக்குப் போகும்போதே ஐயுடியைப் போட்டுக்கொண்டு வந்துவிடலாமா? அங்கே அப்பா எடுத்துக் கொடுத்த பாலிசி ஒன்று இருக்கிறது.
– வாசகி, அட்லாண்டா

பதில்: போட்டுக்கொள்ளலாம், பாலிசியை மறந்துவிடுங்கள். இந்தியப் பாலிசிகளில் விலக்குகளுக்குப் பொதுவான எண்கள் உண்டு. எக்ஸ்எல்17 என்பதைத் தேடிப் பாருங்கள்: கருத்தடை, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், குழந்தையின்மைச் சிகிச்சை எல்லாம் அதில் அடக்கம். சாதனத்துக்கே காசு இல்லாதபோது மரப்பு ஊசிக்கு எங்கே போவது? உங்கள் அமெரிக்கப் பிளானும் நெட்வொர்க்குக்கு வெளியே இலவசம் தராது. அரசு மருத்துவமனைகளில் காப்பர்-டி இலவசம். அதில் 380ஏ என்ற மாடல் பத்து ஆண்டு தாங்கும், 375 ஐந்து ஆண்டு. மரப்பு ஊசி வேண்டுமென்றால் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அங்கே கொடுக்கும் அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். 380ஏ அமெரிக்க டாக்டர்களுக்குப் பழக்கமானதுதான். 375 அமெரிக்காவில் விற்பனையில் இல்லாத மாடல், எப்போது எடுக்க வேண்டும் என்பது அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். எங்கே போட்டிருந்தாலும், எடுக்கும் வேலை அமெரிக்கப் பிளானில் கோ-பே இல்லாமல் வரும். பின்தொடர் கவனிப்பும் அகற்றுதலும் சேர்த்தி என்று 2013-லேயே சொல்லிவிட்டார்கள். சாதனத்தின் நூல் உள்ளே ஏறிப்போய், மயக்கம் கொடுத்து எடுக்க நேர்ந்தால், நோய்க் குறியீடு இஸட்30.432 தானா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.